இரண்டு, இரண்டரை, மூன்று, மூன்றரை

பச்சைத் துணி விரித்த எஃகுத் தட்டில் நான்கு உருளைகள் படுத்திருந்தன. வெள்ளை நிறம், வழவழப்பு, மழுங்கிய முனை. ஒரே சப்பாத்திக் கட்டையை நான்கு பருமனில் கடைந்து பாதியில் அறுத்து வைத்ததுபோல. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண்: இரண்டு, இரண்டரை, மூன்று, மூன்றரை. சென்டிமீட்டரில் குறுக்களவு. நான் உருளைகளைப் பார்க்காமல் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்களுக்கு உடம்பு கிடையாது.

அது மார்கழி. தில்லி மார்கழியில் கோலம் இல்லை, பாட்டு இல்லை, பத்து மணிவரை சூரியனும் இல்லை. மருத்துவமனையின் நிலவறைக்கு இறங்கிவிட்டால் மாதமே இல்லை. கதிர் கொடுக்கும் அறைகளைப் பூமிக்கு அடியில்தான் கட்டுவார்களாம். சுவர் ஆள் உயரத்துக்குத் தடிமனாக இருக்கவேண்டும், சுற்றிலும் யாரும் இருக்கக்கூடாது. எனக்கு அந்த ஏற்பாடு ஒன்றும் புதிதாகப் படவில்லை. முனிர்காவில் பல வருஷமாக அப்படித்தான் குடியிருக்கிறேன்.

ஐப்பசியில் என் கருப்பையை எடுத்துவிட்டார்கள். புற்று அதோடு போய்விட்டது என்றார் டாக்டர். ஆனால் எடுத்த இடத்தைத் தைத்து மூடியிருக்கிறார்கள் அல்லவா, அந்தத் தையலில், யோனியின் உச்சியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு விதை ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது முளைக்காமல் இருக்க உள்ளிருந்தே கதிர் கொடுக்கவேண்டும். வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை. உருளையை உள்ளே வைப்பார்கள். உருளையின் நடுவே ஒரு மெல்லிய குழாய் ஓடும். குழாய் வழியாக ஒரு கம்பி வரும். கம்பியின் நுனியில் நொய்யரிசி அளவுக்கு ஓர் உலோக மணி. அது நின்று நின்று நகர்ந்து, சில நிமிஷத்தில் வந்த வழியே திரும்பிப் போய்விடும். கேட்கும்போது தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிற விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

யோனி என்ற சொல்லை நான் என் வசனகவிதைகளில் எழுதியிருக்கிறேன். மேடையில் வாசித்தும் இருக்கிறேன். அந்த நிலவறையில் எந்த மொழியிலும் அது என் வாயில் வரவில்லை. "அங்கே" என்று சொன்னேன். எல்லாரும் "அங்கே" என்றே சொன்னார்கள்.

அங்கே முதல் கேள்வி பெயர் இல்லை. சாத் மே கௌன் ஹை, கூட யார் வந்திருக்கிறார்கள் என்பதுதான். படிக்கட்டுக் காவலர் கேட்டார், பதிவு மேசையில் கேட்டார்கள், நர்ஸ் கேட்டார். நோயாளிக்கு ஓர் அட்டெண்டென்ட் இருந்தாக வேண்டும். மருத்துவக் கோப்பைத் தூக்க, கையெழுத்துப் போட, உள்ளே போனவர் வெளியே வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க. முதல் தடவை நானேதான் எனக்கு என்று சொல்லிப் பார்த்தேன். நர்ஸ் சிரித்தார். கோபமே இல்லாமல் கோப்பை மூடி என் கையில் கொடுத்து, யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

யாரையாவது. வெளி ரிங் ரோட்டில் ஆட்டோவில் திரும்பும்போது அந்தச் சொல்லோடுதான் வந்தேன். 

ஆர்.கே.புரத்துத் தமிழர்களிடம் சொல்லியிருந்தால் வந்திருப்பார்கள். தமிழ்ச் சங்கத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை என் கவிதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராததைச் சொல்லி வருத்தப்படுகிற மனிதர்கள். நல்லவர்கள். மூன்று வீட்டிலிருந்து மூன்று டப்பாவில் தயிர்சாதம் வந்திருக்கும். மலை மந்திர் முருகன் கோயிலில் என் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை நடந்திருக்கும். எந்த இடத்தில் என்று கேட்டிருப்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அறுவைசிகிச்சையையே குடலிறக்கம் என்று சொல்லி வைத்திருந்தேன். குடலிறக்கத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பதில்லை. எனவே இனி அவர்களிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

கடைசியில், என் அறையைப் பெருக்கிப் பாத்திரம் துலக்கும் அக்காவிடம் கேட்டேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பம். ஜங்புராவில் சாக்கடையை ஒட்டி இருந்த மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் பிள்ளை பெற்றுப் பேரன் பார்த்தவர். கேம்பை இடித்தபிறகு நரேலாவில் ஒரு ஃபிளாட் கிடைத்தது. தினமும் வந்துகொண்டிருந்தவர் இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார், மூன்று பஸ் மாறி. ஆஸ்பத்திரிக்கு வரமுடியுமா என்று நான் சுற்றிவளைத்துக் கேட்டதை அவர் முடிக்கவிடவில்லை. எந்த நாள், எத்தனை மணி, அதை மட்டும் சொல் என்றார்.

பதிவுத் தாளில் அட்டெண்டென்ட் பெயருக்குப் பக்கத்தில் உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. நான் பேனாவோடு நின்றேன். அக்கா எட்டிப் பார்த்தார். அவருக்கு ஹிந்தி எழுத்து தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. கட்டத்தைப் படித்துவிட்டு, "பஹன்னு போடு. ஒன்னிய யாரு வந்து பாக்கப் போறான்," என்றார். சகோதரி என்று எழுதினேன். அரசாங்கத் தாளானாலும் ஆஸ்பத்திரித் தாளானாலும் அந்தக் கட்டத்தில் நான் கோடு போடாமல் எழுதியது அதுதான் முதல் தடவை.

பிறகுதான் அந்தத் தட்டு, அந்த நான்கு உருளைகள்.

டாக்டர் அம்மாளுக்கு என் வயதிருக்கும். கையுறைக்குள் அவர் கை சின்னது. சுவாசத்தை விடுங்கள், காலைத் தளர விடுங்கள் என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டே மூன்றாம் எண்ணை எடுத்தார். எது சௌகரியமாகப் பொருந்துகிறதோ அதில் பெரியது எதுவோ அதை வைப்போம் என்று அவர் முதலிலேயே சொன்னாராம். என் காதில் அது விழவில்லை. குளிர்ந்த ஏதோ ஒன்று நிறைந்து நின்றது. பதினொரு வருஷமாக யாரும் தொடாத இடம். தொடை கல்லாயிற்று, கண் மேலே விளக்குப் பட்டியைப் பிடித்துக்கொண்டது.

"தர்த் ஹை?" என்றார். வலிக்கிறதா?

வலிக்கவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்லமுடியும், ஏனென்றால் ஐப்பசியிலிருந்து வலி எனக்கு நெருங்கிய சொந்தம். இது வேறு. கூச்சம், பயம், இன்னொரு மனிதர் கண்முன் கால் அகட்டிக் கிடப்பதன் அவமானம், பெரியதைவிடச் சின்னது ஆபத்துக் குறைவு என்ற என் சொந்தக் கணக்கு. ஆனால் வலிக்கிறது என்றால் நிறுத்துவார்கள் என்று தெரிந்தது.

"ஹை," என்றேன்.

உடனே எடுத்துவிட்டார். இரண்டரை. அதற்கும் ஹை. இரண்டாம் எண்ணை வைத்தபோது ஒன்றும் இல்லை என்றேன். நர்ஸ் குறித்துக்கொண்டார். எனக்குள் ஏதோ ஜெயித்த மாதிரி ஓர் அற்ப சந்தோஷம். டீக்கடையில் சோட்டா வாலா, காய்கறிக்காரனிடம் கால் கிலோ, முனிர்கா சந்துகளில் ஏழு தடவை அறை மாறியும் ஒவ்வொரு முறையும் மாடியிலேயே மிகச் சின்ன அறை. சின்னதாகக் கேட்பவளை யாரும் கவனிப்பதில்லை. கேள்வி வராது. அந்தப் பழக்கத்தை அடிவயிறுவரை கொண்டுபோய்விட்டேன் என்பது அப்போது தோன்றவில்லை.

இரண்டாம் எண் உருளையோடு ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் மேசையில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். எங்கே எவ்வளவு கதிர் போகவேண்டும் என்று கணினியில் கணக்குப் போடுகிறவள், ஃபிசிசிஸ்ட். முப்பது வயது இருக்காது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். கோப்பில் என் பெயரைப் பார்த்துவிட்டு, "தமிழாக்கா?" என்றாள். திருநெல்வேலிப் பேச்சு. நிலவறையில் தமிழ் கேட்டதும் எனக்கு ஆறுதல் வரவில்லை, பயம் வந்தது. ஹிந்தியில் சொன்ன பொய் தமிழில் நிற்காது.

போர்வை விலகி என் இடதுகால் வெளியே தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே வலை விரித்ததுபோல் பழுப்புக் கோடுகள். ஹீட்டர் தழும்பா என்று கேட்டாள். ஆமாம். தில்லியில் குளிர்காலத்தில் அறைவாசிகள் பாதிப்பேருக்கு இருக்கும். சிவந்த கம்பிச் சுருள் ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து, வருஷக்கணக்கில் தோல் அவிந்து போய்விடுகிற அடையாளம்.

அவள் போய்விட்டாள். நான் உடை மாற்றிக்கொண்டு வந்து பெஞ்சில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மூணு வச்சப்ப நெசமாவே வலிச்சுதாக்கா?"

நான் பெஞ்சில் இருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கட்டாயப்படுத்தவில்லை. வலித்தால் இரண்டே இருக்கட்டும், அதற்கு ஏற்றபடி டாக்டரிடம் பேசி அளவை யோசிப்போம், அதில் தப்பில்லை என்றாள். ஆனால் வித்தியாசம் என்னவென்று உங்களுக்குத் தெரியவேண்டும் என்றாள். பிறகு என் காலைக் காட்டினாள்.

"ஹீட்டர எங்க வைப்பீங்க?"

காலுக்கு ஒரு சாண் தள்ளி.

"பின்னால செவுரு சூடாவுதா?"

இல்லை. சுவர் சூடாக வேண்டுமென்றால் இன்னும் கூட்டி வைக்கவேண்டும். கூட்டினால் கால் பொசுங்கும்.

"அதான்லா விஷயம்," என்றாள்.

அவள் சொன்னதை என் சொற்களில் எழுதுகிறேன். கதிர் சேரவேண்டிய இடம் தோலின் மேலே இல்லை, தோலுக்கு அரை சென்டிமீட்டர் உள்ளே. கதிரின் அளவை அந்த ஆழத்துக்குத்தான் குறிக்கிறார்கள். மணி உருளையின் நடுவில் ஓடுகிறது. உருளை மெலிந்தால் தோல் மணியை ஒட்டி நிற்கும். அந்த அரை சென்டிமீட்டருக்கு அப்பால் உரிய அளவு போய்ச் சேருவதற்குள் தோல் அதைவிட ரொம்ப அதிகமாக வாங்கிக்கொண்டிருக்கும். உருளை பருத்தால் தோல் எல்லாப் பக்கமும் தள்ளி நிற்கும். அப்போது தோல் வாங்குவதற்கும் உள்ளே சேருவதற்கும் இடைவெளி குறைந்துவிடும். போதாததற்கு, மெலிந்த உருளையைச் சுற்றி உள்சுவர் மடிந்து மடிந்து கிடக்கும், இடையில் காற்று நிற்கும். பருத்தது அதை நீவிவிடும். மூத்திரப்பை, மலக்குடல் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன, அவற்றை அவள் தனியாகப் பார்த்துக்கொள்வாள். தோலைத்தான் என்னால் காப்பாற்ற முடியும்.

சின்னது என்றால் குறைவு என்று நான் நினைத்திருந்தேன். அது நேர்மாறு.

அதிகமானால் என்ன ஆகும் என்று கேட்டேன். தழும்பு கட்டலாம், வறண்டு போகலாம், வழி சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, பின்னால் குடும்ப வாழ்க்கைக்குக் கஷ்டம் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். சிகிச்சை அடுத்த செவ்வாய்க்கிழமை. அதற்குமுன் மாற்றவேண்டுமென்றால் சொல்லிவிடுங்கள் என்று போய்விட்டாள்.

நான் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் வெட்கம் மட்டும் என்றால் இதை எழுதவே வேண்டாம். சுருங்கி ஒட்டிக்கொள்ளும் என்று அவள் சொன்னபோது, சரி, யாருக்காக என்று எனக்குள் ஒரு குரல் மிகச் சாதாரணமாகக் கேட்டது. வராதவர்களுக்காக வாசலை அகலமாக வைத்திருப்பானேன். மூடிக்கொள்ளட்டும். அந்த எண்ணத்தில் துக்கம் இல்லை. ஒரு வேலை முடிந்த நிம்மதிதான் இருந்தது. பிறகு யோசிக்கையில் எனக்கு அதுதான் திகிலாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க நடந்தேன். என்னால் ஓரிடத்தில் இருக்க முடிந்ததில்லை. பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் பின்கேட் வழியாகப் போய் பாறைகளுக்கு நடுவே நடந்தேன். வெளியே வந்து மேம்பாலத்தின் அடியில் நடந்தேன். புகையும் பனியும் ஒன்றாகி, பத்தடிக்கு அப்பால் மனிதர்கள் நிழலாகி, பத்தடிக்கு உள்ளே வந்ததும் அந்நியர்களானார்கள். முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்குத் துணையாக வந்தது. என் வேலை அரசுத் துறைகளின் அறிக்கைகளைத் தமிழாக்குவது. அந்த வாரம் கையில் இருந்தது கிராமப்புறக் குடிநீர்க் குழாய்கள் பற்றியது. குழாயின் விட்டம், குழாயின் விட்டம் என்று நாற்பது இடத்தில் வந்தது. மூடி வைத்துவிட்டு மறுபடியும் நடந்தேன்.

சனிக்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். பால்கனி வெயில் ஒரு துண்டு போல விழுந்த இடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் ஹீட்டர் முன்னால் காலை நீட்டிக்கொண்டிருந்தேன். காலை இழுத்துக்கோ, வறுவல் வாசனை வருது என்றார். அவர் எப்போதும் சொல்வதுதான். எனக்கு அழுகை வந்தது. உருளைகள், எண்கள், வலிக்காததை வலிக்கிறது என்று சொன்னது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யாருக்காக என்று நினைத்ததையும் சொன்னேன்.

அவர் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிற முகம்.

"நாங்கல்லாம் வலிச்சாலும் வலிக்கலன்னு சொல்லிப் பளகுனவங்க. நீ என்னாடான்னா தலகீளா நிக்கிற. படிச்சா இப்படித்தான் ஆவுமா?"

நானும் சிரித்துவிட்டேன். மூக்கு ஒழுகியது. அவர் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் துணியையே நீவிக்கொண்டிருந்தார்.

"ஆளு வரலங்கிறதுக்காவ கதவ எடுத்துட்டு செவுரு வெச்சிருவாங்களா? யாரும் வராத வூட்டுக்கும் கதவு வேணும்மா. நீ போவ வர வேணாமா?"

அவர் வீட்டைப் பற்றித்தான் பேசினார் என்று இப்போதும் நினைக்கிறேன். கேம்பில் கதவு என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. திறந்தால் எதிர்வீட்டு அடுப்பு. நரேலாவில் இரண்டு அறை, இரும்புக் கதவு, உள்பூட்டு, வெளிப்பூட்டு. ஒரு மாதத்தில் அந்தக் கதவைத் தட்டியது மின்சார மீட்டர்காரர் மட்டும்தானாம். ஆனாலும் தினமும் காலையில் கதவுக்குமுன் தண்ணீர் தெளிக்கிறாராம், மூன்றாவது மாடியில், சிமெண்டில். கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வருகிறாளாம். அப்படியாவது வருகிறாளே என்றார்.

பிறகு, செவ்வாய்க்கிழமை நீயே சொல்லு, இல்லாட்டி நான் சொல்லுவன், என் ஹிந்தி உன் ஹிந்தியவிட அச்சா என்று எழுந்து பாத்திரம் துலக்கப் போனார்.

செவ்வாய்க்கிழமை நிலவறையில் என் முறை வரும்வரை அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஹிந்தியில் கட்டிக் கட்டிக் கலைத்தேன். எனக்குத் தெரிந்த ஹிந்தி ஆட்டோக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் போதுமானது. பொய் சொன்னேன் என்று சொல்ல அதில் இடம் உண்டு. ஏன் சொன்னேன் என்பதற்கு இல்லை.

அதே மேசை, அதே விளக்குப் பட்டி. பெண் அட்டெண்டென்ட் என்பதால் தலைமாட்டில் நிற்க அக்காவை விட்டார்கள். டாக்டர் இரண்டாம் எண்ணைக் கையில் எடுத்தார்.

"டாக்டர் சாஹப், படா வாலா," என்றேன்.

அவர் நின்றார். பெரியது, அன்றைக்கு வலிக்கவில்லை, பயந்துவிட்டேன், அதனால் அப்படிச் சொன்னேன். இலக்கணம் எல்லாம் தப்பு. ஆண்பால் பெண்பால் எங்கெங்கோ போயிற்று. டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அன்றைக்கு நானும் அவசரப்பட்டேன், வலி என்று மட்டும்தான் கேட்டேன், பயம் என்று கேட்கவில்லை என்றார். நர்ஸிடம் ஒரு போர்வை கொண்டுவரச் சொன்னார். கால்மேல் போர்த்தினார். பிறகு அடுத்த உருளையை உடனே எடுக்காமல், ஐந்து நிமிஷம் சும்மா நின்றார். அவசரமே இல்லாததுபோல.

அந்த ஐந்து நிமிஷமும் அக்கா பேசிக்கொண்டிருந்தார். காலையில் இரண்டாவது பஸ்ஸில் ஒரு கிழவன் ஆட்டுக்குட்டியை ஏற்றிக்கொண்டு வந்தானாம், கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்டானாம், கிழவன் அது லேடீஸ், லேடீஸுக்கு இலவசம்தானே என்றானாம். நான் சிரித்தபோது டாக்டர் இரண்டரையை வைத்திருந்தார். ஒன்றுமில்லை. பிறகு மூன்று. குளிர்ச்சி, நிறைவு, ஓர் அழுத்தம். அழுத்தத்துக்குப் பெயர் அழுத்தம்தான். மூன்றரையை முயலலாமா என்று கேட்டார். முயலலாம் என்றேன். அது தொட்டதுமே தையல் பக்கம் சுரீரென்றது.

"தர்த் ஹை," என்றேன்.

"பக்கா?" என்றார் டாக்டர்.

பக்கா. அறையில் எல்லாரும் சிரித்தோம். மூன்று என்று எழுதினார்கள்.

உருளை மாறியதால் மறுபடி ஸ்கேன். அதற்குப் பிறகு புதிய கணக்குப் போட எவ்வளவு நேரமோ என்று நினைத்தேன். அந்தத் திருநெல்வேலிப் பெண் வந்து படத்தைப் பார்த்தாள், இரண்டு மூன்று இடத்தைச் சரிபார்த்தாள், அரைமணிக்குள் ஆகிவிடும் என்றாள். எப்படி என்று கேட்டேன்.

"மூணுக்கும் ஒண்ணு போட்டு வச்சிருந்தேன்க்கா. ஒருவேள மாத்தினீங்கன்னா."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் ஒரு வாரம் பனியில் நடந்துகொண்டிருந்தபோது, என்னை அறியாத ஒருத்தி ஏதோ ஒரு திரைக்குமுன் உட்கார்ந்து, நான் மனம் மாறினால் இருக்கட்டும் என்று என் உடம்பின் இன்னோர் அளவை வரைந்து வைத்திருக்கிறாள். யாரோ எனக்கு ஓர் இடம் விட்டு வைத்திருந்த செய்தி அது. நன்றி என்று சொன்னேனா, நினைவில்லை.

பிறகு எல்லாரும் போகவேண்டியிருந்தது. அதுதான் அந்த அறையின் விதி. உருளையையும் இயந்திரத்தையும் ஒரு குழாயால் இணைத்தார்கள். அக்காவை வெளியே அனுப்பினார்கள். நர்ஸ் போனார். டாக்டர் போனார். அந்தப் பெண் கடைசியாகப் போனாள். ஒரு பக்கச் சுவரே நகர்ந்து வருவதுபோலக் கதவு மூடியது. அதன்பின் வந்த அமைதியை நான் அதுவரை எந்த அறையிலும் கேட்டதில்லை. மேலே ஒரு கேமரா. என்னைப் பார்க்க முடியும், என்னிடம் இருக்க முடியாது.

முதலில் வெற்றுக் கம்பி ஒன்று வழி பார்த்துவிட்டுப் போயிற்று. பிறகு ஒரு சொடுக்கு. சிவப்பு விளக்கு. உலோக மணி வந்துவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. சூடு இல்லை, ஒளி இல்லை. நின்று நகர்கிறது என்பதை இயந்திரத்தின் சின்னச் சின்ன முனகலை வைத்து நானாக ஊகித்தேன். இவ்வளவு பேர் பயந்து விலகி நிற்கிற ஒன்று, என் உடம்பின் மிகத் தனிமையான இடத்தில், என்னோடு மட்டும். தோலுக்கும் அதற்கும் நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் தூரம். நான் சொன்ன உண்மையின் பருமன் அது. பொய்யோடு வந்திருந்தால் ஒரு சென்டிமீட்டர்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "அக்கா, நாங்க பாத்துட்டேதான் இருக்கோம். அசையாம இருங்க, பாதி முடிஞ்சுது."

தலையை ஆட்டக்கூடாது என்பதால் கண்ணை மூடித் திறந்தேன். கேமராவில் தெரிந்திருக்குமோ என்னவோ.

வெளியே வந்தபோது அக்கா என் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பெஞ்சில் தூங்கியிருந்தார். தொட்டதும் விழித்து, முடிஞ்சுதா என்றார். வலிச்சுதா என்றார். இல்லை என்றேன். என் முகத்தை உற்றுப் பார்த்து, இந்தத் தடவை நம்பலாம் என்று தீர்மானித்தவர்போல எழுந்தார். வாசலில் டீ குடித்தோம். அதற்குள் மூன்று மணி ஆகிவிட்டது, நரேலா போய்ச் சேரப் பொழுது போய்விடும், பஸ்ஸைப் பார்த்ததும் அவர் ஓடினார். ஜன்னலோர இருக்கை கிடைத்ததா என்று பார்ப்பதற்குள் பனி பஸ்ஸை எடுத்துக்கொண்டுவிட்டது.

நான் ஆட்டோவில் திரும்பினேன். மேம்பாலத்தில் ஏறும்போது இடதுபக்கம் மலை மந்திரின் கோபுரம் புகையில் பாதி தெரிந்தது. ஒரு பொய்யை இன்று சரிசெய்துவிட்டோம், குடலிறக்கத்தை என்ன செய்வது என்று நினைத்தேன். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அறையில் ஹீட்டரைப் போட்டேன். வழக்கமான இடத்தில் காலடியில் வைக்கப் போனவள், அதை எடுத்து எதிர்ச்சுவரை நோக்கித் தள்ளினேன். ஒயர் அதற்குமேல் வரவில்லை. கட்டிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, முதுகுப்புறச் சுவரில் உள்ளங்கையை வைத்து, சூடு வருகிறதா என்று காத்திருந்தேன். சந்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவே இல்லை. வெகு நேரம் சுவர் சுவராகவே இருந்தது. இன்னும் இரண்டு செவ்வாய்க்கிழமைகள் பாக்கி. கூட யார் என்று மறுபடி கேட்பார்கள்.

காலில் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. தாங்கக்கூடிய குளிர்தான். கையை எடுக்காமல் இருந்தேன்.